அடியில் தங்கும் டாட்டில்

சோறு அடிப்பிடித்தால் பானையில் ஒட்டிக்கொள்வதைக் காந்தல் என்கிறோம். நாள்தோறும் பானை சுரண்டுகிறவர்கள் புழங்கும் சொல் அது. பைப் என்று நாம் சொல்லும் சுங்கானில் புகைத்த ஆங்கிலேயர்களுக்கும் சுரண்டிப் போட ஓர் அடிக்கசடு இருந்தது. அதன் பெயர் டாட்டில்.

ஆனால் காந்தலும் டாட்டிலும் நேர் எதிர். பானைக்கு நெருப்பு கீழே; அடி தீய்ந்துவிடுகிறது. சுங்கானுக்கு நெருப்பு மேலே. அடி எரியாமல் நின்றுவிடுகிறது.

சுங்கானின் தலை ஒரு சிறு கிண்ணம். அதன் அடியிலுள்ள துளை ஊதுகுழலோடு சேர்கிறது. மேலே பற்றவைத்து உறிஞ்சினால், புகை கீழே இருக்கும் எரியாத இலைகளின் ஊடே இறங்கித்தான் வாய்க்கு வரவேண்டும். இலையிலிருந்த ஈரமும், எரியும்போது உண்டாகும் நீரும் ஆவியாகக் கூடவே இறங்கி, குளிர்ந்த அடி இலைகளில் நீராகப் படிகின்றன. தாரும் அப்படியே படிகிறது. நிகோடினின் கொதிநிலை சுமார் 247 டிகிரி செல்சியஸ். தணலருகே ஆவியாவது, சற்றுக் கீழே போனதும் மறுபடி இலையில் தங்கிவிடுகிறது. போதாக்குறைக்குக் குழல் வழியே எச்சிலும் இறங்கும். தணல் அடிக்கு வந்து சேரும்போது அங்கே இலை ஊறிக் கிடக்கும். உறிஞ்சினால் களகளவென்று சத்தம் வரும், நெருப்பு அணைந்துவிடும்.

ஆறியபின் கவிழ்த்துத் தட்டினால் முதலில் சாம்பல் உதிரும். பிறகு சிறு கரண்டி போன்ற கருவியால் நெம்பினால், சுண்டுவிரல் நுனியளவில் கரும்பழுப்பான ஈர உருண்டை ஒன்று விழும். அதுதான் டாட்டில். இடைக்கால ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அடைப்பான், தக்கை என்று பொருள். பார்த்தால் பொருத்தம் புரியும்.

கிண்ணத்தின் உட்சுவரில் படியும் கரி வேறு. பிரையர் எனப்படும், மத்தியதரைக் கடலோரப் புதரின் வேர்க்கட்டையில் குடைந்த சுங்கானை அது தீயாமல் காக்கும். அளவாக இருக்கும்வரை அதை விட்டுவைப்பார்கள். டாட்டிலை விட்டுவைத்தாலோ கட்டை ஈரம் குடிக்கும், அடுத்த புகை கசக்கும்.

எறியாமல் சேர்த்துவைத்தவர் ஒருவர் உண்டு, கதையில். 1892இல் கோனன் டாயில் எழுதிய ‘பொறியாளரின் கட்டைவிரல்’ கதையில் ஷெர்லாக் ஹோம்ஸ், முந்தைய நாளின் டாட்டில்களைக் கணப்படுப்பு மாடத்தின் மூலையில் உலர்த்திவைத்து, காலை உணவுக்கு முன் அவற்றையே நிரப்பிப் புகைக்கிறார். முதல் நாள் புகை முழுவதும் வடிந்து இறங்கிய இலை அது, காட்டத்துக்குக் குறைவிருக்காது.

டாட்டிலை விரலால் தொட்டால் கறை சுலபத்தில் போகாது. வழியில் தங்கிவிட்ட பங்கு அது. தங்காத பங்கு போய்ச் சேர்ந்தது புகைத்தவரின் வாய்க்கும் தொண்டைக்கும். அங்கே சுரண்டி எடுக்கக் கரண்டி கிடையாது.