ஒரு பாட்டில் தண்ணீர் போதாது

நெல்லை என்றாலே வற்றாத தாமிரபரணி என்பார்கள். ஆற்றங்கரை ஊர்களுக்கு அது சரி. வடக்கே தாழையூத்து, மானூர், கங்கைகொண்டான் பக்கம் வந்தால் தோட்டத்துக்கும் மாட்டுக்கும் கிணறுதான் கதி. சுண்ணாம்புக்கல் கிடைப்பதும் இந்த வட்டாரத்தில்தான். தாழையூத்தில் 1949-ல் சிமென்ட் ஆலை ஓடத் தொடங்கியதே அந்தக் கல்லை நம்பித்தான்.

நிலத்தடி நீரைச் சோதிப்பது என் தொழில். சுண்ணாம்புக்கல் குவாரிகளைச் சுற்றியுள்ள கிணறுகளுக்குப் போகும்போது, "அண்ணாச்சி, தண்ணி குடிக்கலாமா?" என்று கேட்காதவர்கள் இல்லை. ஒரு பாட்டில் தண்ணீரை வைத்து அதற்கு முழுப் பதில் சொல்லிவிட முடியாது.

இது பாறை நிலம். தண்ணீர் நிற்பது மேலே உதிர்ந்து கிடக்கும் மண்பாறையிலும், கீழே ஓடும் வெடிப்புகளிலும்தான். அதனால் பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில்கூட ஒன்று நல்ல தண்ணீராகவும் மற்றது உப்பாகவும் இருக்கும். குவாரிக் குழி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கினால், சுற்றியுள்ள வெடிப்புகளின் நீர் குழியை நோக்கித் திரும்பும். அதை மோட்டார் வைத்து இறைக்க இறைக்க, அக்கம்பக்கத்துக் கிணறுகளில் மட்டம் இறங்கும். தரத்தை மட்டும் சோதித்து, மட்டத்தை அளக்காமல் விட்டால் பாதி உண்மை தப்பிவிடும்.

அடுத்தது நைட்ரேட். பாறை உடைக்கும் வெடிமருந்தில் அம்மோனியம் நைட்ரேட் உண்டு. வெடிக்காமல் மிஞ்சுவது மழையில் எளிதாகக் கரைந்து கீழே இறங்கும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது. மிஞ்சினால் கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையும். காய்ச்சினால் இது போகாது. தண்ணீர் சுண்டி, இன்னும் செறிவாகும்.

ஆனால் யூரியாவும் கக்கூஸ் குழியும்கூட நைட்ரேட் தரும். பழி யார்மீது என்று ஒரு கிணற்றைப் பார்த்துச் சொல்லக் கூடாது. குவாரிக்கு மேட்டுப் பக்கம் ஒரு கிணறு, பள்ளத்துப் பக்கம் சில, தொலைவில் ஒன்று என்று ஒரே நாளில் நீர் எடுத்து ஒப்பிட வேண்டும். முதலில் நீர்மட்டம் அளக்க வேண்டும். போர்வெல் என்றால் குழாயில் தேங்கிய பழைய தண்ணீர் போகும்வரை ஓடவிட்டு, அதே நீரில் பாட்டிலை அலசிப் பிடிக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகம் சேர்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு எடுத்ததை மே மாதக் கணக்கோடு ஒப்பிடக் கூடாது. மே மாதத்தை மே மாதத்தோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் வெடி வைக்கும் முன்பே எடுத்த கணக்கு இருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

சுரங்கங்களுக்கான சுற்றுச்சூழல் அனுமதியில் ஆண்டுக்கு நான்கு முறை நிலத்தடி நீரைக் கண்காணிக்கச் சொல்லும் நிபந்தனை வழக்கமாக இருக்கும். அந்த அனுமதிக்கான 2006-ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி, நிபந்தனைகளை நிறைவேற்றிய விவரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கையாகத் தர வேண்டும். அவை பொது ஆவணங்கள்.

உங்கள் ஊர் அருகே குவாரி இருந்தால் கிராம சபையில் அந்த அறிக்கையைக் கேளுங்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் உங்கள் கிணற்று நீரையும் ஆண்டுதோறும் அதே மாதத்தில் சோதித்து, தாளைப் பத்திரமாக வையுங்கள். பத்து ஆண்டுத் தாள்கள் கையில் உள்ள ஊரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.