நிராகரிக்கப்படும் கல்லீரலும் சோதனைச் செலவும்

மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்தார் துயரத்தின் நடுவே உறுப்பு தானத்துக்கு இசைகின்றனர். ஆனால், கல்லீரலில் கொழுப்பு மிகுந்திருந்தால் அதை ஏற்க மருத்துவர்கள் தயங்குகின்றனர். காத்திருப்போர் பலர் இருக்க, கிடைத்ததை ஒதுக்கலாமா என்று தோன்றும். தயக்கத்துக்குக் காரணம் உண்டு.

தானமாகப் பெறப்பட்ட கல்லீரலைப் பாதுகாப்புத் திரவத்தில், ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸ் குளிரில் வைப்பதே வழக்கம். நல்ல கல்லீரல் சில மணி நேரம் இதைத் தாங்கும். கொழுப்பேறிய கல்லீரலோ ஆக்சிஜன் இன்றி இருந்துவிட்டு, மீண்டும் ரத்தம் பாயும்போது கடுமையாகச் சேதமடைகிறது. பெரிய கொழுப்புத் துளிகள் நிறைந்த செல்கள் 30 சதவீதத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் அச்சமில்லை. 60 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் நிராகரிப்புதான். இடைப்பட்டவற்றைக் கண்ணால் கண்டும், தொட்டுப் பார்த்தும், திசுப் பரிசோதனை செய்தும் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஊகம் பிழைத்தால், பொருத்திய கல்லீரல் இயங்காமலே போய் நோயாளி இறக்க நேரிடும்.

இப்போது வந்துள்ள இயந்திரம், ஆக்சிஜன் ஏற்றிய சிவப்பணுக்கள் கலந்த திரவத்தை 37 டிகிரி வெப்பத்தில் கல்லீரலுக்குள் தொடர்ந்து செலுத்துகிறது. உடலுக்கு வெளியிலேயே அது இயங்குகிறது, பித்தநீரும் சுரக்கிறது. திரவத்தில் உள்ள லாக்டேட் அளவை அது சில மணி நேரத்தில் குறைத்துவிட்டால், செல்கள் உயிர்ப்புடன் உள்ளன என்று கொள்ளலாம். பாதுகாப்பு இயந்திரம் என்று பெயர் இருந்தாலும், பொருளியல் பயின்ற எனக்கு அது தரும் தகவலே பெரிதாகப் படுகிறது.

பிரிட்டனின் எல்லா மையங்களும் கொழுப்பு உள்ளிட்ட பல காரணங்களால் கைவிட்ட 31 கல்லீரல்கள் பர்மிங்ஹாமில் இவ்வாறு சோதிக்கப்பட்டன. 2020இல் வெளியான முடிவுகளின்படி 22 பொருத்தப்பட்டன. பெற்றவர் அனைவரும் 90 நாள்களைக் கடந்து உயிருடன் இருந்தனர். நால்வருக்குப் பித்தநாளச் சுருக்கத்தால் மீண்டும் மாற்று சிகிச்சை தேவைப்பட்டது என்பதையும் மறைக்கலாகாது. இயந்திரத்தில் இருக்கும்போதே கொழுப்பைக் கரைக்கும் முயற்சிகள் இன்னும் ஆய்வு நிலையில்தான் உள்ளன.

செலவுதான் சிக்கல். ஒருமுறை மட்டுமே பயன்படும் குழாய்த் தொகுதி ஒவ்வொரு கல்லீரலுக்கும் தேவை. தமிழகத்தில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கல்லீரல் மாற்று சிகிச்சைக்கு உதவுகிறது. காப்பீடு நோயாளிக்கானது, சோதனையில் தேறாத கல்லீரலுக்கோ நோயாளியே இல்லை. பொருத்தினால் மட்டுமே பணம் என்ற ஏற்பாட்டில், செலவழித்த மருத்துவமனைக்கு ஐயத்துக்குரிய உறுப்பையும் பொருத்திவிடும் சபலம் எழலாம். ஆகவே, சோதனைக் கட்டணத்தை நோயாளியின் கணக்கிலிருந்து பிரித்து, முடிவு எதுவாயினும், சோதிக்கப்படும் ஒவ்வொரு கல்லீரலுக்கும் அரசே வழங்க வேண்டும் என்பது என் கருத்து.