ஒரே எஞ்சின், வேறு டர்போ

அமாவாசை இரவு அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்காக செஞ்சி வழியே மேல்மலையனூருக்கு வரும் டீசல் கார்களில் பழைய மாருதி ஸ்விஃப்ட்டையும் முதல் தலைமுறை எர்டிகாவையும் பார்க்கலாம். இரண்டின் பானெட்டுக்குள்ளும் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1248 சிசி எஞ்சின்தான். ஆனால் ஸ்விஃப்ட்டில் அது தருவது 75 குதிரைத்திறன், எர்டிகாவில் 90. இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் டர்போ. காரின் பெயரோ எஞ்சினின் பெயரோ தெரிந்துவிட்டால் உள்ளே இருக்கும் டர்போவும் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை இந்தச் சாதாரண வண்டிகளிலேயே உடைகிறது. அப்படியிருக்க, பலர் கைமாறி, பலவிதமாக மாற்றப்பட்டு வரும் வேகக் கார்களில் அந்த நம்பிக்கை எம்மாத்திரம்?

எஞ்சின் வெளியே தள்ளும் சூடான புகை டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரஸர் சக்கரம் காற்றை அமுக்கி சிலிண்டருக்குள் திணிக்கிறது. சின்ன டர்போக்களில் இந்தத் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகளையும் தாண்டும். வேகம் எல்லை மீறாமல் காக்க இரண்டு வழிகள் உண்டு. வேஸ்ட்கேட் என்ற கதவைத் திறந்து மிச்சப் புகையைத் திருப்பிவிடுவது ஒன்று. டர்பைனைச் சுற்றியுள்ள இதழ்களைத் திருப்பி, புகை போகும் வழியைக் குறுக்குவதும் அகலமாக்குவதும் மற்றொன்று, அதுதான் விஜிடி. வெளியே தெரிவது இரண்டிலும் ஓர் ஆக்சுவேட்டரும் கம்பியும்தான் என்பதால் கண் ஏமாந்துவிடும். எஞ்சினை ஸ்டார்ட் செய்து கம்பியைக் கவனிக்க வேண்டும். வெற்றிட இழுப்பில் இயங்கும் விஜிடியில் ஸ்டார்ட் ஆனதுமே கம்பி உள்ளே இழுபடும். பூஸ்டில், அதாவது கம்ப்ரஸர் அமுக்கிய காற்றின் அழுத்தத்தில், இயங்கும் வேஸ்ட்கேட்டில் ஐடிலிங்கில் அசையாது. ஆனால் பிஎம்டபிள்யூவின் சில பெட்ரோல் எஞ்சின்களில் வேஸ்ட்கேட்டே வெற்றிடத்தில்தான் இயங்குகிறது. ஆகவே இந்தச் சோதனை ஒரு தடயம் மட்டுமே, தீர்ப்பு ஆகாது.

அடுத்த சாட்சி, கம்ப்ரஸர் ஹவுசிங்கில் பொருத்தியிருக்கும் தகடு. அதில் உள்ள பெயர்களை ஒரே அளவுகோலால் படிக்க முடியாது. காரெட்டின் ஜிடி2860ஆர்எஸ் என்ற பெயரில் 28 என்பது டர்போவின் அளவு வரிசை. 60 என்பது கம்ப்ரஸர் சக்கரத்தின் வெளிவிட்டம், மில்லிமீட்டரில். கேகேகே நிறுவனத்தின் கே03, கே04 ஆகியவை வெறும் வரிசைப் பெயர்கள். அவற்றிலிருந்து எந்த விட்டத்தையும் கணக்கிட முடியாது. மிட்சுபிஷியின் டிடி05ஹெச்-16ஜி என்பதில் முற்பகுதி டர்பைன் பக்கத்தையும் பிற்பகுதி கம்ப்ரஸரையும் குறிக்கிறது. தயாரிப்பாளர் பெயரும் முழு விடை ஆகாது. சென்னையை அடுத்த பையனூரில் டர்போ செய்யும் டர்போ எனர்ஜி நிறுவனம் கேகேகே தொழில்நுட்பத்தை எடுத்துக்கொண்டு வளர்ந்தது. எனவே நிறுவனப் பெயரோடு நின்றுவிடாமல் பார்ட் நம்பரைக் கடைசி இலக்கம் வரை குறித்துக்கொள்வதே முறை.

‘சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் டீலர் சொல்லிவிடுவாரே’ என்று கேட்கலாம். அவர் சொல்வது தொழிற்சாலையில் மாட்டிய டர்போவை. பிறகு நடந்த மாற்றம் அந்தப் பதிவேட்டில் ஏறாது. ‘தகடுதான் இருக்கிறதே’ என்றால், அது ஹவுசிங்குக்கு மட்டுமே சாட்சி. ரீகண்டிஷன் செய்யும்போது பழைய ஹவுசிங்குக்குள் சக்கரங்களும் தண்டும் அடங்கிய புதிய கோர் போகும். அதிக வேகம் வேண்டுவோர் அதே கூட்டைக் கடைந்து பெரிய சக்கரமும் பொருத்துவார்கள். ‘ஓட்டிப் பார்த்தால் தெரியாதா’ என்பதும் நிற்காது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவின் மென்பொருளை மாற்றினால் அதே டர்போ கூடுதல் பூஸ்ட் தரும்.

ஆகவே கடைசி வார்த்தை அளவுக்கே. காற்றுக் குழாயைக் கழற்றினால் கம்ப்ரஸர் சக்கரத்தின் வாய் தெரியும். அதன் விட்டத்தை வெர்னியரால் அளக்கலாம். பின்பக்க வெளிவிட்டத்தை அளக்க ஹவுசிங்கைப் பிரிக்க வேண்டும். வாய் விட்டத்தை வெளிவிட்டத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, 100-ஆல் பெருக்கினால் வருவது டிரிம். ஜிடி2860ஆர்எஸ்-இல் 47.2-ம் 60.1-ம் சேர்ந்து 62 தருகின்றன. தகட்டில் அந்தப் பெயர் இருந்து கணக்கு வேறாக வந்தால், உள்ளே இருப்பது வேறு சக்கரம். டர்பைன் ஹவுசிங்கின் புகைவழி அளவைக் குறிக்க அதிலேயே வார்த்திருக்கும் ஏ/ஆர் எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது சிறியதானால் பூஸ்ட் சீக்கிரம் வரும், ஆனால் உயர்ந்த வேகத்தில் புகைக்கு வழி அடைபடும்.

இவ்வளவு அலசல் எதற்கு என்றால், தவறான டர்போ வெறும் பணநஷ்டத்தோடு நிற்காது. தண்டு எல்லை மீறிச் சுழன்று சக்கரம் உடைந்தால் துண்டுகள் எஞ்சினுக்குள்ளும் போகக்கூடும். பழைய வேகக் காருக்கு டர்போ வாங்குமுன் டீலரின் பதிவு, தகட்டின் எண், சக்கரத்தின் அளவு மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முரண்பட்டால் அளவையே நம்புங்கள். அளக்காமல் ஆர்டர் கொடுக்காதீர்கள்.