வேன் ஸ்டார்ட் ஆகவில்லையா? பெட்டரி வாங்குமுன் சத்தத்தைக் கேளுங்கள்

சரக்கு ஏற்றிய பழைய டீசல் வேன் அதிகாலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் அன்றைய வியாபாரமே கெட்டுவிடும். அந்த அவசரத்தில் வியாபாரிகள் பலர் முதலில் புதிய பெட்டரியைத்தான் வாங்குகிறார்கள். கோளாறு வேறிடத்தில் இருந்தால் அந்தப் பணம் வீண். சாவியைத் திருப்பி, என்ன சத்தம் வருகிறது என்று கேளுங்கள்.

எஞ்சின் சோர்ந்து சுற்றினால், அல்லது 'டிக்' என்று மட்டும் கேட்டால், கோளாறு மின்சாரப் பக்கம். பெட்டரி முனைகளில் வெள்ளை, பச்சை நிறத்தில் பூத்திருந்தால் கழற்றிச் சுரண்டி, மீண்டும் இறுக்குங்கள். ஏர்த் வயரையும் பாருங்கள். இரவு முழுதும் நின்ற வேனில் நல்ல பெட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும்; 12.2 என்றால் பாதிச் சார்ஜ்தான். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் அளவுக்கு ஏறாவிட்டால் பெல்ட்டையும் அல்டர்னேட்டரையும் பாருங்கள். இல்லையேல் புதுப் பெட்டரியும் இறங்கிவிடும்.

எல்லாம் சரியாயிருந்தும் 'டிக்' மட்டும்தான் என்றால் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்ற வேண்டும். பழைய டொயோட்டாக்களில் அதனுள்ளே செப்புத் தகடுகள் தேய்ந்துபோவது வழமை. அவற்றை மட்டும் மாற்றலாம். முழு மோட்டார் தேவையில்லை.

எஞ்சின் வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? பெட்டரியில் குற்றமில்லை, டீசல் வருகிறதா என்று பாருங்கள். பில்டர் மேலுள்ள கைப்பம்பை அமுக்கும்போது இறுகாமல் தளர்ந்தே இருந்தால், குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். நுவரெலியாக் குளிரில் மட்டும் அடம்பிடித்தால் ஹீட்டர் பிளக்கைச் சோதியுங்கள்.

கராஜில் "ஸ்டார்ட் இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "சுற்றுகிறது, பிடிக்கவில்லை" என்று விபரமாகச் சொன்னால் தேவையற்ற பாகத்துக்குப் பணம் போகாது.