கிரீன்லாந்து மொழியில் எதிர்காலப் புனைவு: காலமும் மொழிபெயர்ப்பும்

0. முன்னுரை

வடதுருவப் பகுதியின் எதிர்காலத்தைக் கதையாகவும் வடிவமைப்பாகவும் புனைந்து பார்க்கும் முயற்சிகள் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளன. 2012-ஆம் ஆண்டு வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில் டென்மார்க்கின் அரங்கு, கிரீன்லாந்தைச் சேர்ந்த நிலவியலறிஞர் மினிக் ரோசிங்கின் பொறுப்பில், ‘சாத்தியமான கிரீன்லாந்து’ என்னும் பொருளில் அமைக்கப்பட்டது. ஆயினும் இம்மரபு அங்குப் புதியதன்று. கிரீன்லாந்து மொழியின் முதல் புதினமே எதிர்காலக் கனவு ஒன்றைக் கொண்டுள்ளது. அம்மரபையும், அம்மொழி எதிர்காலத்தைக் குறிக்கும் முறையையும், அவற்றைத் தமிழில் பெயர்க்குங்கால் எழும் இடர்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

1. இரு புதினங்கள்

சமயகுருவான மத்தியாஸ் ஸ்டோர்க் எழுதிய ‘சின்னத்துகக்’ (கனவு) 1914-இல் வெளிவந்தது. அதன் தலைமை மாந்தன் பாவியா, 2105-ஆம் ஆண்டின் கிரீன்லாந்தைக் கனவில் காண்கிறான். அங்குத் தன் மக்கள் கல்வி பெற்று, டேனியருக்கு நிகராக வாழ்கின்றனர். அடுத்த ஆண்டே இதனைக் கினூட் ராஸ்முசென் டேனிய மொழியில் பெயர்த்தார்.

ஆசிரியரான அவுகோ லிங்கே 1931-இல் எழுதிய ‘முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்’ என்னும் புதினம் 2021-இல் நிகழ்கிறது. 1721-இல் ஹான்ஸ் எகெடே என்னும் சமயப் பரப்பாளர் வந்திறங்கியதிலிருந்து அம்முந்நூறு ஆண்டுகள் கணக்கிடப்படுகின்றன. டேனியரும் கிரீன்லாந்தியரும் சம உரிமையுடன் வாழும் நவீன நாட்டை லிங்கே அதில் புனைந்தார். 1953-இல் டென்மார்க்கின் அரசியலமைப்பு மாற்றப்பட்டுக் கிரீன்லாந்தின் குடியேற்ற நிலை நீங்கியபோது, அந்நாட்டு நாடாளுமன்றத்தில் கிரீன்லாந்தின் முதல் இரு உறுப்பினர்களுள் ஒருவராகவும் அவர் அமர்ந்தார். ஆனால் அப்புதினம் டேனிய மொழியில் வெளிவந்தது 1989-இல்தான். இடையில் 58 ஆண்டுகள் கழிந்தன. வடதுருவ மக்களைப் பழமையின் எச்சங்களாகவே பிறர் எழுதிவந்த காலத்தில், அவர்கள் தம் எதிர்காலம் பற்றித் தாமே எழுதியது வெளியுலகிற்கு எட்டாமற்போனது.

2009-ஆம் ஆண்டுத் தன்னாட்சிச் சட்டம் கிரீன்லாந்து மொழியை ஆட்சிமொழியாக்கியது. மொழியைப் பொறுத்தவரை, லிங்கே விரும்பிய சமநிலையையும் உண்மையான 2021 கடந்துவிட்டது எனலாம்.

2. எதிர்காலக் குறியீடு

கிரீன்லாந்து மொழி மிகுந்த ஒட்டுநிலை உடையது. அதன் வினையில் ‘-ஸ்ஸ-’ என்னும் ஒட்டு எதிர்பார்ப்பையும், ‘-யுமார்-’ என்பது என்றோ ஒரு நாள் நிகழும் என்ற கருத்தையும், ‘-நியர்-’ என்பது செய்யும் எண்ணத்தையும் உணர்த்துகின்றன. இவை காலங்காட்டுவனவா, எதிர்பார்ப்பு முதலிய நோக்குப் பொருளை உணர்த்துவனவா என்பது குறித்து மொழியியலாரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

பெயர்ச்சொல்லும் இவ்வகை ஒட்டினை ஏற்பது கருதத்தக்கது. ‘இல்லு’ என்பது வீடு. ‘இல்லுகொக்’ என்பது வீடாக இருந்தது, அதாவது பாழடைந்த வீடு. ‘இல்லுஸ்ஸக்’ என்பது வீடாகப் போவது. கட்டவிருக்கும் வீட்டையும், அதற்கெனச் சேர்த்த பொருளையும் அது குறிக்கும். கட்டட வடிவமைப்பாளரின் வரைபடத்தில் உள்ளதும் இவ்வகையில் ஓர் ‘இல்லுஸ்ஸக்’ எனலாம். எதிர்காலத்தைக் குறிக்கும் ‘சியுனிஸ்ஸக்’ என்னும் சொல்லிலும் இவ்வொட்டு உள்ளது. அதன் வேரான ‘சியு-’ முன்புறத்தைக் குறிப்பது. மூதாதையரைக் குறிக்கும் ‘சியுவாஸத்’ என்னும் சொல்லிலும் அவ்வேரே பயில்கிறது.

3. தமிழில் பெயர்த்தல்

இவ்வேரின் இருமுகப் போக்கு தமிழருக்குப் புதிதன்று. ‘முன்னோர்’, ‘முன்னேற்றம்’ ஆகிய இரண்டிலும் ‘முன்’ உள்ளது. எனவே ‘சியு-’ வேரின் உறவைத் தமிழில் ஓரளவு காட்ட இயலும்.

வினையில்தான் இடர் மிகுதி. தமிழின் எதிர்கால வினை வழக்கத்தையும் உணர்த்தும். ‘மக்கள் கடற்கரையில் கூடுவர்’ என்னும் தொடர் இனி நிகழ்வதையும் குறிக்கலாம். வழக்கமாக நிகழ்வதையும் குறிக்கலாம். ‘அக்காலத்தில்’ என்று சேர்த்தால் பழைய வழக்கமாகவும் ஆகும். எதிர்காலப் புனைவில் இம்மயக்கம், வரவிருப்பதை மரபாகத் திரித்துவிடக்கூடும். ‘கூடவிருக்கின்றனர்’, ‘கூடப்போகின்றனர்’ போன்ற துணைவினை அமைப்புகள் இம்மயக்கத்தை நீக்கும். பெயர்நிலையில் ‘வருங்கால வீடு’ என்பது ‘வரப்போகும் காலத்தின் வீடு’ என்றே பொருள்படும். ‘வீடாகவிருப்பது’ என்பதே மூலத்தின் நோக்கத்திற்கு நெருங்கியது.

4. முடிவுரை

எதிர்காலப் புனைவை மதிப்பிடுங்கால் கணிப்பு பலித்ததா என்பதைக் காட்டிலும், ஒரு சமுதாயம் எதனை அடையத்தக்கதாகக் கருதியது என்பதே முதன்மையானது. அக்கருத்து ஒட்டுகளிலும் பொதிந்துள்ளது. ஆங்கிலம், டேனியம் வழியாகப் பெயர்ப்போர் ‘எதிர்பார்ப்பது’, ‘எண்ணுவது’, ‘என்றோ நிகழ்வது’ என்னும் வேறுபாடுகளை ஒரே எதிர்கால வடிவில் அடக்கிவிட நேரும். மூலத்தின் உருபன் பகுப்பையும் உடன்வைத்துப் பெயர்ப்பின், எம்மக்கள் தம் நாளையை எவ்வளவு உறுதியுடன் கூறினர் என்பது தமிழிலும் புலப்படும்.