மெழுகு ஏன் அசையவில்லை?

பழைய லாவா விளக்கை ஆசையாக வாங்கி வந்து போட்டுப் பார்ப்பவர்களுக்குக் காத்திருப்பது பெரும்பாலும் ஏமாற்றம்தான். பல்பு எரியும், மெழுகு அசையாது. அசைந்தாலும் சுற்றியுள்ள நீர் கழுநீர் போலக் கலங்கிக் கிடக்கும்.

இங்கிலாந்தில் மதுக்கடை ஒன்றில், முட்டை வேகும் நேரத்தைக் காட்ட வைத்திருந்த கருவியைப் பார்த்துத்தான் எட்வர்ட் கிரேவன் வாக்கர் என்பவருக்கு லாவா விளக்கு யோசனை வந்தது. 1963-ல் அவருடைய நிறுவனம் பூல் நகரில் ‘ஆஸ்ட்ரோ’ விளக்கை வெளியிட்டது.

சாதாரண மெழுகு நீரில் மிதக்கும். இதில் கனமான பொருளைக் கலந்து, நீரைவிடத் துளி கூடுதல் எடை ஏற்றியிருப்பார்கள். அடியில் சூடு பட்டதும் மெழுகு உருகி விரிந்து மேலே போகும். உச்சியில் ஆறிக் கீழே வரும். அடியிலுள்ள கம்பிச் சுருள், திரும்பி வரும் உருண்டைகளை மறுபடி ஒன்றுசேர்க்கும். ஆக, இந்த விளக்குக்கு வெளிச்சத்தைவிடச் சூடுதான் முக்கியம். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க எல்இடி பல்பை மாட்டினால் மெழுகு கல்லாகவே கிடக்கும். பழுது என்று வருபவற்றில் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்: அடித்தட்டில் குறித்துள்ள வாட் அளவில் பழைய குண்டு பல்பு. அதன் பிறகும் ஓரிரண்டு மணி நேரம் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு அடுப்பில் வைக்கவே கூடாது. 2004-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அப்படி வைத்த இளைஞர், வெடித்த கண்ணாடித் துண்டு நெஞ்சில் பாய்ந்து இறந்தார்.

கலங்கலுக்குப் பெரும்பாலும் காரணம், சூடாக இருக்கும்போது குலுக்கியது. பல நாள் அசைக்காமல் விட்டால் சில விளக்குகள் தாமாகவே தெளியும். தெளியாவிட்டால், மெழுகு இறுகிய பின் நீரை வடித்துவிட்டு, காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, ஓரிரு சொட்டு சோப்புத் திரவம் விட்டு, எப்சம் உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பார்கள். உப்பு ஏற ஏற நீர் கனக்கும், மெழுகு எழும்பும். கொஞ்சம் கூடினால் உச்சியிலேயே ஒட்டிக்கொண்டு இறங்காது.

ஆனால் 1960களின் புட்டியைத் திறக்காமல் இருப்பதே நல்லது. அக்கால மெழுகில் கார்பன் டெட்ராகுளோரைடு இருக்கலாம்; ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. 1970-ல் அமெரிக்கா வீட்டு உபயோகப் பொருட்களில் அதைத் தடை செய்தது. வாக்கரின் நிறுவனம் இன்று மாத்மோஸ் என்ற பெயரில் பூல் நகரிலேயே இயங்குகிறது. மாற்றுப் புட்டிகளும் விற்கிறது. பழைய புட்டியைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, பழைய அடித்தட்டில் புதியதை ஏற்றலாம். சேகரிப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள்; சுளிக்கட்டும்.