காலுக்கு இறங்கும் இடுப்பு வலி: முதலில் பயிற்சி, கூடவே ஒரு ஃபைல்

புனேயின் கராடியில் ஈயான் ஐடி பார்க்கையும் உலக வர்த்தக மையத்தையும் நம்பிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வரும் கேள்வி இது: "இடுப்புலேருந்து கால் வரைக்கும் சுரீர்னு இழுக்குது, நல்ல ஸ்பைன் டாக்டர் யாராவது தெரியுமா?" கேட்டவர் போனைக் கீழே வைப்பதற்குள் பதில்கள் குவிந்துவிடும். எம்ஆர்ஐ எங்கே மலிவு என்று ஒருவர், எந்த பிராண்டு பெல்ட் நல்லது என்று இன்னொருவர், மாமனாருக்குப் புத்தூர் கட்டில் சரியாகிவிட்டது என்று வேறொருவர். தப்பித்தவறி யாராவது பிசியோதெரபி என்று எழுதினால், "பத்து நாள் போனேன், வேஸ்ட்" என்று உடனே முட்டுக்கட்டை விழும். அந்தப் பத்து நாளும் என்னதான் செய்தார்கள் என்று விசாரித்தால் விஷயம் விளங்கிவிடும். குப்புறப் படுக்க வைத்து முதுகில் கரண்ட் மெஷினை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இவரும் இருபது நிமிஷம் ரீல்ஸ் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். பயிற்சி என்று சொல்லித் தந்தது ஒன்றோ இரண்டோ. அதையும் வீட்டில் செய்யவில்லை.

இந்த வலியின் பெயர் சயாட்டிகா, உடம்பிலேயே தடிமனான நரம்பின் வலி. கீழ் முதுகின் கடைசி இரண்டு மட்டங்களில் டிஸ்க் பிதுங்கி நரம்பு வேரை உரசுவதுதான் பெரும்பாலும் காரணம். பிட்டத்தில் தொடங்கித் தொடை, கெண்டைக்கால், பாதம் என்று இறங்கும். இருமினால், தும்மினால் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் கத்தி வைக்காமலே தணிந்துவிடும். அந்த வாரங்களை எப்படிக் கழிக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. சிறுநீர் வர மறுத்தாலோ, தெரியாமலே கசிந்தாலோ, மலம் அடங்காமல் போனாலோ, சைக்கிள் சீட்டில் படும் இடமெல்லாம் மரத்துப்போனாலோ, இரண்டு காலும் சேர்ந்து தளர்ந்தாலோ, அது பயிற்சி செய்யும் நேரமே இல்லை. பிசியோ கிளினிக் திறக்கட்டும் என்று விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அந்த ராத்திரியே 108-ஐக் கூப்பிட்டோ கார் பிடித்தோ, முதுகெலும்பு அறுவைச் சிகிச்சை வசதியுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். முதுகுத்தண்டின் அடியிலுள்ள நரம்புக் கற்றையே நசுங்குகிறது என்று அதற்கு அர்த்தம். மணிக்கணக்கில் தாமதித்தால்கூடச் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போய்விடலாம். குதிகாலில் நிற்கும்போது முன்பாதம் தூக்க முடியாமல் தொங்கினால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சலோ, காரணமில்லாத எடைக்குறைவோ, முன்பு புற்றுநோய் வந்த வரலாறோ இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம்.

இவை எதுவும் இல்லையா? அப்படியானால் முதல் வாரமே எம்ஆர்ஐக்கு ஓட வேண்டிய அவசியம் இல்லை. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், எண்பது வயதில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. ரிப்போர்ட்டில் 'டிஃப்யூஸ் டிஸ்க் பல்ஜ்' என்று பார்த்ததும் ராத்திரி முழுக்க கூகுளைக் குடைந்துவிட்டு, மறுநாள் குனியவே பயப்படுகிறவர்கள் எத்தனை பேர்! ஆறு வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் குறையவில்லை, அல்லது பலவீனம் கூடுகிறது, அல்லது அறுவைச் சிகிச்சை பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது என்றால் எடுங்கள்.

மாத்திரை விஷயத்திலும் இதே அவசரம்தான். சயாட்டிகாவுக்குப் ப்ரீகாபலின் தாராளமாக எழுதப்படுகிறது. 2017-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் அது வெற்று மாத்திரையைவிட அதிகமாக வலியைக் குறைக்கவில்லை, தலைசுற்றல்தான் அதிகம். அதைப் போட்டுக்கொண்டு காலையில் நகர் ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டுகிறார்கள். மருத்துவரிடம் கேட்டுவிட்டே நிறுத்துங்கள், திடீரென்று நிறுத்தக் கூடாது. நகர் ரோட்டின் பள்ளங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. வலி இருக்கும் வாரங்களில் டூவீலரைத் தொடாமல் இருப்பது நல்லது.  

இனி பயிற்சி. முதல் விதி, படுத்தே கிடக்காதீர்கள். தாங்க முடியாத வலி என்றால் ஓரிரு நாள் படுக்கலாம், அதற்கு மேல் படுக்கை கெடுதல். இரண்டாவது விதியைச் சுவரில் எழுதி ஒட்டினாலும் தகும்: ஒரு அசைவைச் செய்யும்போது வலி பாதத்திலிருந்து தொடைக்கும், தொடையிலிருந்து இடுப்புக்கும் ஏறினால் நல்லது, இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கினால் அந்த அசைவை அப்போதே நிறுத்த வேண்டும்.

குப்புறப் படுத்து இரண்டு மூன்று நிமிஷம் சும்மா இருங்கள். தாங்கினால் முழங்கைகளை ஊன்றி மார்பை மட்டும் தூக்குங்கள். அதுவும் தாங்கினால் உள்ளங்கையை ஊன்றி, இடுப்பு தரையிலேயே இருக்க, மேலுடம்பைப் பத்து முறை தூக்கி இறக்குங்கள். பகலில் சில மணி நேரத்துக்கு ஒரு முறை போதும். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நீட்டும்போது முகத்தை மேலே தூக்கி, மடக்கும்போது கீழே குனிவது நரம்பை இழுக்காமல் மெல்ல அசைத்துக்கொடுக்கும் பயிற்சி. நரம்பைப் பிடித்து இழுப்பதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். சுரீர் என்றால் பாதியிலேயே நிறுத்துங்கள். சொசைட்டி வளாகத்துக்குள் பத்துப் பத்து நிமிஷமாக நடங்கள். வலி தணிந்த பிறகு மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, நாலு காலில் நின்று எதிரெதிர்க் கை கால் நீட்டுவது என்று வலுவூட்டும் பயிற்சிகள். வலி போனதும் விட்டுவிடுகிறார்களே, அவர்கள்தான் அடுத்த மழைக்காலத்தில் அதே கேள்வியைக் குழுவில் போடுகிறார்கள்.

ஆரம்ப வாரங்களில் குனிந்து பாதத்தைத் தொடுவது, சிட்அப், கிளப்ஹவுஸ் ஜிம்மில் டெட்லிஃப்ட் எதுவும் வேண்டாம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு இதே பயிற்சியை நீங்களே சொல்லித் தராதீர்கள். நடந்தால் கால் வலித்து, உட்கார்ந்தாலோ தள்ளுவண்டியில் சாய்ந்து குனிந்தாலோ சுகம் என்றால் அது முதுகெலும்புக் குழாய் குறுகியதால் வரும் வலியாக இருக்கலாம். அவர்களுக்குப் பின்னால் வளையும் பயிற்சி எதிர்விளைவையே தரும்.

ஆகவே பரிசோதித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். யாரிடம் போவது? பெயர்ப்பலகையின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். பி.பி.டிஎச். அல்லது பி.பி.டி. பட்டமும், மகாராஷ்டிர மாநில ஆக்குபேஷனல் தெரபி, பிசியோதெரபி கவுன்சிலின் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். பதிவு பெற்றவர் சுவரில் மாட்டியே வைத்திருப்பார். முதல் நாள் அவர் உங்களை நடக்கவிட்டு, காலைத் தூக்கிப் பார்த்து, பெருவிரலின் பலத்தைச் சோதித்து, கண்டதை எழுதி வைக்கிறாரா? வீட்டில் செய்ய வேண்டியதைத் தாளில் தருகிறாரா? நேரே மெஷினுக்கு அனுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். முப்பது சிட்டிங் பேக்கேஜ், முன்பணம், தள்ளுபடி என்றால் இன்னும் வேகமாக எழுந்து வாருங்கள். கட்டிவிட்டீர்கள் என்றால் பில் வாங்குங்கள். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது.

காசில்லாதவர்களுக்குப் புனே ஸ்டேஷன் பக்கத்தில் சசூன் அரசு மருத்துவமனை இருக்கிறது. காலையிலேயே போய் கேஸ் பேப்பர் எடுத்து, எலும்புப் பிரிவில் காட்டி, அங்கிருந்து பிசியோதெரபிக்கு எழுதி வாங்க வேண்டும். சொசைட்டிகளில் நிற்கும் செக்யூரிட்டிகளுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் ஈஎஸ்ஐ இருக்க வேண்டும். தகுதி இருந்தால் நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாள்வரை சராசரிக் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். ஈஎஸ்ஐ மருத்துவரின் சான்று கட்டாயம். தனியார் டாக்டர் சீட்டை நீட்டினால் பணம் வராது. பிப்வேவாடியில் ஈஎஸ்ஐ மருத்துவமனை உண்டு. காண்ட்ராக்டர் ஈஎஸ்ஐ கட்டுகிறாரா என்று சொசைட்டி கமிட்டி ஒருநாளும் கேட்பதில்லை. கேளுங்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ், இங்கேதான் படித்தவர்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். "ரெண்டு நாள் அட்மிட் ஆகுங்க, எம்ஆர்ஐயும் கிளெய்ம்ல வந்துடும்" என்று கவுண்டரில் சொல்வதைக் கேட்காதீர்கள். வெறும் பரிசோதனைக்கும் ஓய்வுக்கும் சேர்வது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விலக்கு. கிளெய்ம் மறுக்கப்படும், பில் உங்கள் தலையில் விழும். கிளினிக்குக்குப் போய் வரும் பிசியோவுக்கு, ஓபிடி பாதுகாப்பு தனியாக இல்லாவிட்டால் பணம் வராது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகான பிசியோவைப் பல பாலிசிகள் தருகின்றன. சிகிச்சை செய்த மருத்துவர் எத்தனை நாள், எத்தனை முறை என்று எழுதித் தர வேண்டும். தனிநபர் பாலிசிகள் பலவற்றில் டிஸ்க் பிரச்சினைக்கு 24 மாதக் காத்திருப்பு. கம்பெனி குரூப் பாலிசியில் பெரும்பாலும் அது இல்லை. வேலையை விட்டால் பாதுகாப்பும் போய்விடும். விடுவதற்கு முன்பே அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற எழுத்து மூலம் கேளுங்கள்.

மருத்துவமனையில் சேரும்போது எழுதும் கேஸ் ஷீட்டை ஒருவரும் பார்ப்பதே இல்லை. அட்மிஷனில் இளம் டாக்டர் "எவ்வளவு நாளா வலி?" என்று கேட்பார். நீங்கள் ஏதோ கல்லூரிக் காலத்து முதுகுப் பிடிப்பையும் சேர்த்துச் சொல்வீர்கள், அவர் பத்து வருட வலி என்று எழுதுவார், நிறுவனம் 'முன்பே இருந்த நோய்' என்று மறுக்கும். பொய் சொல்லச் சொல்லவில்லை. காலுக்கு வலி இறங்கியது எந்தத் தேதியில், முன்பு வந்தது எப்போது, எதற்குச் சிகிச்சை எடுத்தீர்கள் என்பதைத் தனித்தனியாகச் சொல்லி, அப்படியே எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். பதிவேடுகளின் நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டியது மருத்துவரின் கடமை. முதல் சீட்டு, பிசியோவின் குறிப்பு, பில்கள், எம்ஆர்ஐ படமும் சிடியும், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

அறுவைச் சிகிச்சையே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. 2007-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், சீக்கிரமே செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் ஐந்தில் இரண்டு பேர் பிறகு செய்துகொண்டார்கள் என்பதும் உண்மை. முடிவெடுப்பது உங்கள் உரிமை, பேக்கேஜ் விற்பவரின் அவசரம் அல்ல. சிறுநீர், மலம், காலின் பலம் இந்த மூன்றில் ஒன்று கெட்டால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, அன்றே ஓடுங்கள்.

கிளெய்மை மறுத்துவிட்டார்களா? முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அவர் மறுத்தாலோ, ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோ, இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். புனே அலுவலகம் நாராயண் பேட்டில், என்.சி. கேல்கர் சாலையில், ஜீவன் தர்ஷன் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறது, ஆன்லைனிலும் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம்வரையிலான வழக்குகளை எடுப்பார்கள், கம்பெனி குரூப் பாலிசிக்காரர்களும் போகலாம். கெடு ஓராண்டு. மறுப்புக் கடிதம் மெயிலில் கிடந்தால் அதன் தேதியை இன்றே பாருங்கள்.